லட்சுமம்மாவுடன் வந்தவர்

ஓடுகிறேன். ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கம் என் கையில். கால்பக்கம் ஆம்புலன்ஸ் டிரைவர் மஞ்சு அண்ணன் கையில். மேலே கிடப்பவருக்குச் சட்டை இல்லை. முதுகில் தோலும் பாதி இல்லை. பின்னால் பட்டாசு குடோன் எரிகிறது. முன்னால் நெடுஞ்சாலை. நடுவில் நூறு அடி செம்மண்.

மணி 2:26. கையில் கட்டியிருந்த கடிகாரத்தை அந்த நேரத்திலும் பார்த்தேன். பார்க்கத்தான் பழக்கியிருந்தார்கள்.

இரண்டாவது வெடிப்பு. முதலில் காதுக்கு வரவில்லை. நெஞ்சில் வந்து மோதியது. பிறகுதான் சத்தம். பிறகு தகரம். கூரைத் தகரம் ஒன்று காற்றில் எழும்பி, திரும்பி, எங்களுக்கு இடது பக்கம் போய் விழுந்தது.

"படுங்க! டாக்டரம்மா, கீழ படுங்க!" என்று மஞ்சு அண்ணன் கத்தினார்.

படுத்தேன். ஸ்ட்ரெச்சரைக் கீழே வைத்துவிட்டு அதில் இருந்தவரின் மேல் குனிந்துகொண்டேன். வாயில் மண். மூக்கில் மருந்துப்புகை. கந்தகம் இனிப்பாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. வலது காதில் விசில் அடித்தாற்போல ஒரே ஓசை. அது இன்றைக்கும் முழுசாகப் போகவில்லை.

முதல் வெடிப்பு 2:10. அதை நான் ஆஸ்பத்திரியில் இருந்தே கேட்டேன். ஜன்னல் கண்ணாடி ஒரு தரம் அதிர்ந்து நின்றது. உடனே எங்கள் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டேன். மூன்றாவது 2:31. மூன்றுக்கும் நடுவே விடாமல் சரவெடி. ஆயிரம்வாலா, ஐயாயிரம்வாலா எல்லாம் பெட்டியோடு. கல்யாண ஊர்வலத்தில் கேட்பது போலவே இருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே ஆட்கள் கத்திக்கொண்டு வெளியே வந்தார்கள்.

தீபாவளிக்குப் பதினோரு நாள் இருந்தது. வியாழக்கிழமை. 108 வண்டிகள் எங்கள் ரோட்டில் ஓட ஆரம்பிக்காத வருஷம். ஓசூருக்கு வெளியே, சூளகிரிப் பக்கம் போகும் நெடுஞ்சாலை ஓரம். கர்நாடகத்துக்காரர்கள் எல்லை தாண்டி வந்து காரில் அள்ளிக்கொண்டு போகிற பட்டாசு. குடோனுக்குள் நான்கு மேசை போட்டு கிஃப்ட் பாக்ஸ் பேக்கிங் நடந்துகொண்டிருந்தது.

போர்க்களம் போல இருந்தது என்று மறுநாள் பேப்பரில் போட்டிருந்தார்கள். நான் போரைப் பார்த்ததில்லை. இதைப் பார்த்தேன். பார்த்ததில் ஒன்று எந்தப் பேப்பரிலும் வரவில்லை. எந்த விசாரணையிலும் அதைக் கேட்கவில்லை. மாதேஷ் என்று ஒருவர் எங்கள் ஆஸ்பத்திரிக்குள் நடந்து வந்தார். எங்கள் கண் முன்னால், எங்கள் காரிடாரில், எண்பத்தொரு நிமிடம் இருந்தார். யாரும் அவரைப் பரிசோதிக்கவில்லை. அதில் நானும் உண்டு. முதல் ஆளே நான்தான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. எம்பிபிஎஸ் முடித்து, அவசர மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு படிப்பு உண்டு என்பதையே வீட்டில் நம்பவில்லை. அப்பா கோவில்பட்டியில் இருந்து லாரி கம்பெனி வேலைக்கு ஓசூர் வந்தவர். "கேஷுவாலிட்டி டாக்டர்னா மேல்படிப்புக்கு சீட்டு கெடைக்கற வரைக்கும் உக்காந்து தையல் போடுறவங்கதானம்மா" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அப்போது எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். டாக்டர்களும்தான்.

எனக்கோ அது தலைக்கு ஏறிய படிப்பு. மற்ற டாக்டர்கள் என்ன வியாதி என்று முதலில் கேட்பார்கள். நாங்கள் அதைக் கடைசியில்தான் கேட்போம். இந்த ஆள் அடுத்த ஐந்து நிமிடத்தில் எதனால் சாவான்? அதுதான் முதல் கேள்வி. மூச்சு போகும் வழி அடைபடுமா. அடைபடாவிட்டால் மூச்சு போதுமா. போதுமென்றால் ரத்தம் ஓடுகிறதா. இந்த வரிசை மாறக்கூடாது. கால் துண்டாகத் தொங்கினாலும் கண் முதலில் தொண்டைக்குப் போக வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

எங்களில் சீனியர் இம்தியாஸ். வாணியம்பாடிக்காரர். என்னைவிட இரண்டு வருஷம் முன்னால். பாகலூர் ரோடு கறிக்கடையில் சொல்லிவைத்து ஆட்டுத் தொண்டைக் குழாய் வாங்கி வருவார். வாய் வழியாகக் குழாய் இறங்காத ஆளுக்குக் கழுத்தைக் கீறி மூச்சுக்கு வழி செய்யப் பழக வேண்டும். அதற்கு ஆட்டுத் தொண்டை. தொண்டைச் சங்குக்குக் கீழே விரல் வைத்தால் சின்னதாக ஒரு பள்ளம் தட்டுப்படும். அங்கே கத்தி. நான் பதினோரு தொண்டை கீறியிருந்தேன். கடைசியாகக் கீறியதற்கு எனக்கு நாற்பது விநாடி.

"ஆடு உசுரோட இருந்திருந்தா உனக்கு நன்றி சொல்லியிருக்கும், சுதா" என்றார் இம்தியாஸ்.

ஆட்களைப் பிரிப்பதற்கும் பழகினோம். கும்பலாக அடிபட்டு வரும்போது யாரை முதலில் பார்ப்பது? இந்த வழக்கமே போர்க்களத்தில் இருந்து வந்ததுதான். எங்களிடம் அட்டைகள் இல்லை. வளையல் கடையில் ரிப்பன் வாங்கி வெட்டி வைத்திருந்தோம். சிவப்பு என்றால் இப்போதே. மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம். பச்சை என்றால் நடக்கிற ஆள், ஓரமாக உட்கார வை, ஆனால் கால் மணிக்கு ஒரு தரம் போய்ப் பார். கறுப்பு என்றால் தாண்டிப் போ. மாதம் ஒரு தரம் கார் நிறுத்துமிடத்தில் ஒத்திகை. நர்சிங் மாணவிகள் பீட்ரூட் சாறு பூசிக்கொண்டு படுத்துக் கிடப்பார்கள். சிலர் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்குவார்கள். இறந்தவர்களாக நடித்தவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். நான் ஓடி ஓடிக் கட்டுவேன். இருபது பேருக்கு ஆறு நிமிடம். என்னை விட வேகமாக யாரும் கட்டியதில்லை.

2:44. ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறது. கொண்டுவந்தவரை உள்ளே அனுப்பிவிட்டு நான் வாசலிலேயே நின்றுகொள்கிறேன். இம்தியாஸ் உள்ளே. ஜெஸ்ஸி சிஸ்டர் நடுவில். வயநாட்டுக்காரர். எங்கள் பிரிவின் ஹெட் நர்ஸ். அவர் போட்டுக்கொடுத்த ஏற்பாடுதான் அது. என் இடது கையில் ரிப்பன் கட்டு. வலது கையில் கத்தரி.

வருகிறார்கள். மினி டெம்போவில். பைக்கில் நடுவே உட்கார வைத்து. ஒரு கம்பெனி பஸ் ஷிஃப்டுக்குப் போகிற ஆட்களை ரோட்டிலேயே இறக்கிவிட்டு ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு வந்தது. மூன்று மொழியில் அழுகை. தமிழ், தெலுங்கு, கன்னடம். எல்லோரும் ஒரே கறுப்பு. மருந்துக்கரி. அதில் கண் மட்டும் வெள்ளை.

2:50. தக்காளிப் பெட்டி ஏற்றுகிற ஒரு டெம்போ. பின் கதவு திறக்கிறது. ஒருவர் இறங்குகிறார். கையில் ஒரு பெண். குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு. அவள் புடவை உடம்போடு ஒட்டிப்போயிருக்கிறது. வலது கை உயர்ந்து நிற்கிறது, விரல்கள் விறைத்து.

நான் அவளைப் பார்த்தேன். தொண்டை, மூச்சு, நாடி. பத்து விநாடி. சிவப்பு. இடது மணிக்கட்டில் கட்டினேன்.

தூக்கிவந்தவரின் புருவம் கருகியிருந்தது. மூக்கு ஓரம் கரி. மூக்கு மயிர் சுருண்டிருந்தது. இதெல்லாம் எனக்கு இப்போது தெரிகிறது. அதாவது அப்போதே கண்ணில் பட்டிருக்கிறது. பட்டதனால்தான் இன்றைக்கு எழுத முடிகிறது. ஆனால் என் கை அவர் பக்கம் போகவில்லை. நான்கு நிறத்தில் எதையும் அவருக்குக் கட்டவில்லை. பச்சைகூட. பச்சை கட்டியிருந்தால் கால் மணிக்கு ஒரு தரம் யாராவது போய்ப் பார்த்திருப்பார்கள்.

"பேர்?" என்று கேட்டேன்.

"லட்சுமம்மா. பேரிகைப் பக்கம்ங்க."

"நீங்க?"

"மாதேஷுங்க. கூட வந்தேன்."

சிஸ்டரின் கையில் பதிவுத்தாள் இருந்தது. அதில் ஒரு கட்டம் உண்டு. நோயாளியுடன் வந்தவர். சிஸ்டர் எழுதினார். மாதேஷ். அந்தக் கட்டத்தில் பெயர் ஏறியதும் அவர் எங்களுக்கு அடிபட்டவர் இல்லை. அட்டெண்டர்.

நம் ஊர் ஆஸ்பத்திரி தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நோயாளி ஒருவர் வந்தால் கூட ஒருவர் வந்தே ஆக வேண்டும். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே ஓட. ரத்தப் பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்து வர. கையெழுத்துப் போட. ஸ்ட்ரெச்சர் தள்ள. கூட ஆள் இல்லாத நோயாளிக்கு மருந்து கட்டிலுக்கு வந்து சேர நேரமாகும். கூட வந்தவரே பாதி ஆஸ்பத்திரி. அவர் நின்றுகொண்டே இருப்பார். அவரைப் பார்த்து நாங்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான். சீட்டு எங்கே?

ஒத்திகையில் அட்டெண்டராக நடிக்க நாங்கள் யாரையும் வைத்ததே இல்லை. படுத்துக் கிடப்பவர்களைப் பிரிக்கத்தான் பழகியிருந்தோம்.

வண்டிகள் வருவது நின்றதும் நானும் உள்ளே வருகிறேன். எட்டுக் கட்டில். பதினான்கு பேர். சில கட்டிலில் இரண்டிரண்டு பேர். இரண்டு பேரைத் தரையில் போட்டிருக்கிறோம். கால் வைக்க இடமில்லை. ஏ.சி. ஓடுகிறது, ஆனால் வியர்வை சொட்டுகிறது. எரிந்த முடி நாற்றம். குளூக்கோஸ் பாட்டில்களை ஜன்னல் கம்பியில் கட்டுகிறோம். மூன்றாம் கட்டிலில் ஒருவர் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். 3:02-க்கு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். அவருக்குச் சிவப்பை அவிழ்த்துவிட்டுக் கறுப்பைக் கட்டியது நான்தான். கை நடுங்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு அன்றைக்கு எதிலும் கை நடுங்கவில்லை. வேகமாக இருந்தேன். பயமில்லை. இதற்காகத்தானே படித்தோம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அந்த நொடியை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

3:05. முதல் சீட்டு. லட்சுமம்மாவுக்கு வலி மருந்து, தீக்காயக் களிம்பு, பெரிய கட்டுத் துணி. "லட்சுமம்மா அட்டெண்டர்!" என்று ஜெஸ்ஸி சிஸ்டர் குரல் கொடுக்கிறார். கம்பிக் கதவுக்கு வெளியே இருந்து மாதேஷ் கை தூக்குகிறார். சீட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஓடினார். நான்கு நிமிடத்தில் திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது. படி ஏறியதால் என்று நினைத்தேன்.

"அந்தம்மா பொழச்சிக்குவாங்களா மேடம்?"

குரல் கரகரவென்று இருந்தது. அத்தனை நேரம் கத்தியிருப்பார் என்று நினைத்தேன். எல்லோர் குரலும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

"பாக்கறோம். நீங்க அவங்க சொந்தமா?"

"சொந்தமில்லைங்க. ஒரே டேபுள்ல பேக்கிங். அவங்க வீட்டுக்காரருக்கு போன் போட்டாச்சு. பஸ்ஸு ஏறிட்டாராம்."

பிறகு ஒன்று கேட்டார். ராத்திரி ஒன்பதரைக்குக் கம்பெனி பஸ் வரும், அதற்குள் அவர் வந்துவிடுவாரா என்று. மாதேஷுக்கு உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. அந்த வாரம் இரவு ஷிஃப்ட். பகலில் தூங்காமல் தீபாவளி சீசனுக்குப் பட்டாசு பேக்கிங். வந்துவிடுவார், நீங்கள் போய்க்கொள்ளலாம் என்று சொன்னேன். போய்க்கொள்ளலாம் என்று நான் சொன்னேன்.

3:28. இரண்டாவது சீட்டு. ரத்தம். குரூப் பார்த்து ஒரு யூனிட் எடுத்து வர வேண்டும். பக்கத்துக் கட்டடம். இந்த முறை அவர் பேசியது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. என் காதில் விசில் ஓடிக்கொண்டிருந்தது. என் காதுதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அவர் குரல் போய்க்கொண்டிருந்தது. கழுத்தை ஒரு கையால் தடவிக்கொண்டார். "தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றேன். அவ்வளவுதான் நான் செய்த வைத்தியம்.

விழுங்க முடியவில்லை என்று சைகை காட்டினார். நான் அதற்குள் திரும்பிவிட்டேன். ஏழாம் கட்டிலில் ஒருவருக்கு நாடி இறங்கிக்கொண்டிருந்தது.

நெருப்புப் புகையை உள்ளே இழுத்த தொண்டை உடனே அடைக்காது. மெதுவாக வீங்கும். ஆள் நடப்பார். பேசுவார். வேலை செய்வார். ஒரு மணி நேரம். ஒன்றரை மணி நேரம். பிறகு ஒரு வைக்கோல் தண்டு அளவுக்குத்தான் வழி இருக்கும். குரல் மாறும்போதே குழாய் போட்டுவிட வேண்டும். முதல் வருஷப் பாடம் இது. நான் இதை நர்சிங் மாணவிகளுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். கருகிய புருவம், மூக்கில் கரி, மாறிய குரல் என்று போர்டில் எழுதி, மூன்றுக்கும் கீழே கோடு போட்டு.

3:52. மூன்றாவது சீட்டு. லட்சுமம்மாவின் விரல்களில் ரத்த ஓட்டம் நின்றுகொண்டிருந்தது. கையில் வெந்து இறுகிய தோலைக் கீறிவிட வேண்டும். சம்மதக் கையெழுத்து வேண்டும். அவள் கணவர் இன்னும் வந்து சேரவில்லை. "நீங்களே போடுங்க" என்றேன். மாதேஷ் பேசவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து கையெழுத்துப் போட்டார். தெளிவான எழுத்து. பெயரும், ஊர் நாட்றாம்பாளையம் என்றும். அவர் மூச்சு விடும்போது ஒரு சத்தம் வந்தது. கீச்சென்று மெல்லிய சத்தம். அப்போது பக்கத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்றைத் திறந்துகொண்டிருந்தார்கள். சத்தம் அதிலிருந்து வருகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

சீட்டைக் கொடுத்தேன். போனார்.

4:03. கீழே, பேஸ்மென்ட்டில், மருந்துக் கடை ஜன்னலில் வரிசை. பின்னால் நின்றவர் பிறகு சொன்னார். இவர் வரிசையில் நின்றபடியே முன்னால் இருந்தவரின் தோளைப் பிடித்தாராம். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று நினைத்து அந்த ஆள் கையைத் தட்டிவிட்டாராம். மாதேஷ் அப்படியே மடங்கி உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார். மயக்கம் என்று முகத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். சோடா வாங்க ஒருவர் ஓடியிருக்கிறார். ஒரு மாடிக்கு மேலே இரண்டு அவசர டாக்டர்கள். யாருக்கும் மேலே வந்து சொல்லத் தோன்றவில்லை. மேலேதான் கூட்டமாக இருக்கிறதே.

4:09. செக்யூரிட்டி ஒருவர் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

4:11. தரையில் கிடத்துகிறோம். சிஸ்டர் முகத்தைப் பார்க்கிறார். "அய்யோ, இது லட்சுமம்மா அட்டெண்டர்." உதடு நீலம். நாடி இல்லை. இம்தியாஸ் வாயைத் திறந்து விளக்கு அடித்துப் பார்க்கிறார். உள்ளே வழி எதுவும் தெரியவில்லை. வீங்கிய சிவப்புச் சதை, அதன் மேல் கரி. ஒரு தரம் குழாய் விட்டுப் பார்த்தார். போகவில்லை.

"கத்தி. சுதா, நீ பண்ணு. நான் நெஞ்ச அழுத்தறேன்."

சங்கு. அதற்குக் கீழே பள்ளம். கீறினேன். ரத்தம் கறுப்பாக வந்தது. விரலை விட்டேன், குழாயை விட்டேன், ஊதினோம். நெஞ்சு எழும்பியது. முப்பத்தைந்து விநாடி. ஆட்டுத் தொண்டையை விட வேகம். யாரும் அதைச் சொல்லவில்லை. 4:19-க்கு நாடி திரும்பி வந்தது.

மூளைக்கு அது தாமதம். வென்டிலேட்டரில் போட்டோம். பெங்களூரில் நான்கு ஆஸ்பத்திரிக்கு இம்தியாஸ் போன் போட்டார். எங்கும் கட்டில் இல்லை. மாதேஷின் கண்மணிகள் வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை.

லட்சுமம்மாவின் கணவர் 4:40-க்கு வந்து சேர்ந்தார்.

மாதேஷின் மனைவி வர இரவாகிவிட்டது. நாட்றாம்பாளையத்தில் இருந்து அஞ்செட்டி வந்து, பஸ் பிடித்து, தேன்கனிக்கோட்டை வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ். பெயர் சிவம்மா. சத்தம் போட்டு அழவில்லை. குழாய் போட்ட கழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்பது போல.

"மத்தியானத்துலருந்து இங்கதானங்க இருந்தாரு. இத்தினி டாக்டருங்க இருந்திருக்கீங்க. ஒருத்தருகூட இவரப் பாக்கலியாங்க?"

பார்த்தேன் என்று சொன்னேன். வாசலில் பார்த்தேன், பிறகு மூன்று தரம் பார்த்தேன். மூன்று தரமும் சீட்டுக் கொடுத்தேன் என்று சொன்னேன். அவர் காலடியில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சனிக்கிழமை காலை 6:35-க்கு மாதேஷ் இறந்தார். விடிந்து, காரிடாரில் பெருக்கிக்கொண்டிருந்த நேரம்.

அதற்குப் பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. விபத்துப் பட்டியல் வியாழன் மாலையே அரசாங்கத்துக்குப் போய்விட்டது. அதில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் பதினான்கு பேர். மாதேஷ் இல்லை. அவருக்கு ஒரு தனிக் கேஸ் ஷீட் போட்டிருந்தார்கள். வந்த நேரம் 4:11. வந்த இடம், மருந்துக் கடை. காரணம், திடீர் மயக்கம். குடோனில் வேலை செய்தார் என்றே அதில் இல்லை. சீசன் ஆள். குடோன்காரரின் வருகைப் பதிவு எரிந்துபோயிருந்தது. அவர் அங்கே இருந்தார் என்பதற்கு இரண்டே சாட்சி. ஒன்று லட்சுமம்மா, அவள் மயக்க மருந்தில் கிடந்தாள். மற்றது, அவளுடைய தாளில் சிஸ்டர் எழுதிய அந்தக் கட்டம்.

இறப்புக் குறிப்பு எழுத வேண்டியது நான். மாடியில் நிர்வாக அறைக்குக் கூப்பிட்டார்கள். உட்காரச் சொன்னார்கள், காபி கொடுத்தார்கள். 4:11 என்றே இருக்கட்டும் என்றார்கள். அதில் பொய் எதுவும் இல்லையே, அப்போதுதானே நோயாளியாக வந்தார் என்றார்கள். வயசுப் பெண், எதிர்காலம் இருக்கிறது என்றார்கள். யாரும் மிரட்டவில்லை. அன்பாகத்தான் பேசினார்கள். நான் கேட்டுக்கொண்டு கீழே இறங்கி வந்தேன். படியிலேயே மனசு இரண்டாகக் கிடந்தது. 4:11 என்று எழுதினால் எனக்கு ஒன்றும் ஆகாது. அதை எழுதினால் அந்த மனுஷன் அன்றைக்கு நெருப்புக்குள் இருக்கவே இல்லை என்று ஆகிவிடும். அவர் யாரையும் தூக்கிக்கொண்டு வரவில்லை. அவர் சும்மா ஒரு மருந்துக் கடை வாசலில் மயங்கி விழுந்த ஆள்.

இம்தியாஸ் மேசையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாக வீட்டுக்குப் போகவில்லை. என்ன எழுதப் போகிறாய் என்று கேட்டார். சொன்னேன்.

"எழுதிட்டுக் குடு. கீழ நானும் போடறேன்" என்றார்.

எழுதினேன். 2:50-க்கு நடந்து வந்தார். வெடிவிபத்தில் புகை உள்ளிழுத்தவர். புருவம் கருகியிருந்தது. குரல் மாறியிருந்தது. நோயாளியுடன் வந்தவர் என்று கருதப்பட்டதால் 4:11 வரை பரிசோதிக்கப்படவில்லை. வாசலில் இருந்த டாக்டர் நான். கையெழுத்து. கீழே இம்தியாஸ். அதற்கும் கீழே, யாரும் கேட்காமலே, ஜெஸ்ஸி சிஸ்டர்.

மார்ச்சில் என் பயிற்சியை நீட்டிக்கவில்லை. இம்தியாஸ் அதற்கு முன்பே சேலத்துக்குப் போய்விட்டார். நான் வேறு ஊரில், வேறு ஆஸ்பத்திரியில் மீதியை முடித்தேன். இன்றும் இதே வேலைதான். இப்போது நான் ஒத்திகை நடத்தும்போது பத்து பேரைப் படுக்க வைத்தால் பத்து பேரை நிற்க வைக்கிறேன். நிற்பவர்களில் ஒருவருக்கு மட்டும் காதில் சொல்லி அனுப்புகிறேன், நீதான் சாகப் போகிறாய் என்று. புதிதாக வரும் பிள்ளைகளில் முதல் தரம் யாரும் அவரைக் கண்டுபிடிப்பதில்லை. எல்லோரும் வேகமாக இருக்கிறார்கள்.

எண்ணிக்கையை இங்கே எழுதி வைக்கிறேன். அரசாங்கக் காகிதத்தில் முதலில் ஆறு என்று இருந்தது. எட்டு மாதம் கழித்து, எங்கள் குறிப்பைப் பார்த்து, அதைத் திருத்தினார்கள்.

குடோனுக்குள்ளேயே இறந்தவர்கள் மூன்று பேர். இரண்டு பெண்கள், மேற்பார்வை பார்த்த ஒரு பெரியவர். பெண்களில் ஒருவர் யார் என்று கொலுசை வைத்துத்தான் தெரிந்தது. ரோட்டில், என் ஸ்ட்ரெச்சரில், ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் ஒருவர். மூன்றாம் கட்டிலில் ஒருவர், தண்ணீர் கேட்டவர். ஏழாம் கட்டிலில் ஒருவர், மாலை 6:15.

லட்சுமம்மாவுக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. உயிர் இருக்கிறது.

ஏழாவது, மாதேஷ். வயது இருபத்தொன்பது. ஊர் நாட்றாம்பாளையம். வேலை பேக்கிங். ஆஸ்பத்திரிக்கு வந்த நேரம் 2:50. டாக்டர் பார்த்த நேரம் 4:11. இழந்தது எண்பத்தொரு நிமிடம்.